அக்காவுக்கு எந்த வயதில் தொடங்கியது

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில், நோயாளி ஒருவரின் சட்டைப்பையில் நனைந்துபோன கடிதம் ஒன்று கிடந்தது. மடிப்பக்கா அதை உலர்த்தி, மேலே துணி விரித்து மெதுவாக இஸ்திரி போட்டு, மூன்று மாடி ஏறி அந்த நோயாளியின் தலையணைக்கடியில் வைத்துவிட்டு வந்தார். யாரிடமும் சொல்லவில்லை. கூட வேலை பார்த்த, பின்னாலேயே போன எனக்கு மட்டும் தெரியும்.

படுக்கை விரிப்பு மடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பெயரே அப்படித்தான் வந்தது. அவருடைய அம்மாவுக்கு ஐம்பத்தொன்றில் மறதி நோய் தொடங்கியது, அண்ணனுக்கு ஐம்பத்தைந்தில்.

"எங்க வீட்ல சொத்தா எழுதி வைப்பாங்க? இதத்தான்டி வைப்பாங்க" என்று சிரிப்பார்.

அவருக்கு நாற்பத்தாறு நடந்தபோது ஒரு காலை, சுத்தத் துணி அலமாரியில் நாற்றம் அடித்தது. வார்டிலிருந்து வந்த அழுக்கு விரிப்புகளைத் துவைக்காமலே, கறை உள்ளே போகும்படி அழகாக மடித்து அடுக்கியிருந்தார்.

"என்னக்கா இது?"

"ஏன், முனை சேரலையா?"

நான் யாருக்கும் தெரியாமல் எல்லாவற்றையும் எடுத்துத் துவைத்தேன். நான்கு வருடம் இப்படியே ஒப்பேற்றினேன். தினமும் அவருக்காகப் பிரார்த்தித்தேன். ஆண்டவன் என்ன நினைத்தானோ, நோய் நிற்கவில்லை.

ஐம்பதில், வீட்டுக்குப் போகும் வழி தெரியாமல் நின்றபோதுதான் அக்காவின் மகளுக்குப் புரிந்தது. டாக்டர் இருவருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார். நோயைக் கொண்டுவரும் அதே ஜீன் மகளுக்கும் இருந்தது.

"அம்மாவுக்குத் தொடங்கின வயச ஒட்டித்தான் பெரும்பாலும் பிள்ளைக்கும் தொடங்கும். ஆண், பெண்ணுங்கிறதும் கொஞ்சம் முன்னபின்ன ஆக்கலாம். அத இன்னும் உறுதியாச் சொல்ல முடியலம்மா" என்றார்.

மகளுக்கு இருபத்தெட்டு. விரல் விட்டு எண்ணினாள். "அம்பதுன்னா இன்னும் இருபத்திரண்டு வருஷம் இருக்கு சித்தி. எம் பாப்பா வளந்துடுவா."

நாற்பத்தாறிலேயே தொடங்கியது எனக்கு மட்டும்தான் தெரியும். அதை அவளிடம் மறைத்துவிட்டேன். கோயில் வாசலில் நின்றாலும் சாமி முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சில வருடம் கழித்து, பராமரிப்பு இல்லத்தில் அக்காவைக் கடைசியாகப் பார்த்தேன். என்னைக்கூட அடையாளம் தெரியாமல் வெகுநாள் ஆகியிருந்தது. புறப்பட எழுந்தேன். சட்டென்று கையைப் பிடித்தார். கண்ணில் பழைய அக்கா.

"நீ எனக்காகத் துவைச்சதெல்லாம் தெரியும்டி. பொண்ணுகிட்ட அம்பதுன்னே இருக்கட்டும். அந்தப் பொய்யோட பாவம் எம்மேல. சாமி கேட்டா, மறந்துட்டேன்னு சொல்லிக்கிறேன்."