வாசல் கேட்டில் ஒரு மைத்துளி

எங்கள் வீட்டு வாசல் கேட்டின் மேல்கட்டையில் ஒரு மைக்கறை இருக்கிறது. கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். தீபாவளிக்குத் தீபாவளி கேட்டுக்குப் பச்சைச் சாயம் பூச ஆள் வரும்போது, அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் பூசச் சொல்வாள் அம்மா. பூசுகிறவன் அம்மாவை ஒரு மாதிரி பார்ப்பான். என்னையும் பார்ப்பான். டாக்டர் வீட்டிலேயே இப்படியா என்று நினைப்பான் போலும். நாங்கள் இருவரும் அவனுக்கு விளக்கம் சொன்னதில்லை.

அந்த மை துபாசி ஐயாவின் பேனாவிலிருந்து விழுந்தது. பிரிக்பீல்ட்ஸில் எங்களுக்கு அடுத்த வீடு அவருடையது. கோலாலம்பூர் கோர்ட்டில் தமிழர்கள் சொல்வதை நீதிபதிக்கு ஆங்கிலத்திலும், நீதிபதி சொல்வதைத் தமிழர்களுக்குத் தமிழிலும் எடுத்துச் சொல்வது அவர் உத்தியோகம். காலையில் கோட்டும் தலைப்பாகையுமாய் அவர் நடந்து போகும்போது பேசிக்கொண்டிருப்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். சாட்சி அழுதுகொண்டு சொன்னால் இவர் அழாமல் சொல்வார். சாட்சி திட்டினால் திட்டையும் விடாமல் சொல்வார் என்று கேள்வி. "கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்" என்பது அவர் வாயில் அடிக்கடி வருவது. வீட்டில் அதுவும் வராது. நாளெல்லாம் ஊரார் பேச்சைப் பேசிவிட்டு வருகிற மனுஷனுக்குச் சொந்தப் பேச்சு எங்கே மிஞ்சும் என்று அவர் மனைவி கேலி செய்வார். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அப்பா ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து காய்ச்சலில் போய்விட்டார். அம்மா ரவிக்கை தைத்துக் கொடுத்து என்னைப் பள்ளியின் கடைசி வகுப்புவரை கொண்டுவந்து சேர்த்திருந்தாள். அந்தக் கடைசிப் பரீட்சையின் விடைத்தாள்கள் கப்பலேறிச் சீமைக்குப் போகும். மார்க் திரும்பி வர மாதக்கணக்காகும். சிங்கப்பூரில் இருந்த மருத்துவக் கல்லூரிக்கு நான் மனுப் போட்டிருந்தேன். இடம் கிடைத்தால் அரசாங்கச் செலவில் படிப்பு. மார்க் வரத் தாமதமாகும் என்பது அவர்களுக்கும் தெரியும் என்பதால், மார்க்கையும் இரண்டு சிபாரிசுக் கடிதங்களையும் பிறகு அனுப்பலாம் என்று ஒரு சனிக்கிழமைவரை கெடு கொடுத்திருந்தார்கள். ஒரு கடிதம் தலைமையாசிரியை தருவார். இன்னொன்று, உறவில்லாத, மதிப்புள்ள ஒருவர் என்னை அறிந்து எழுதித் தர வேண்டும். கெடு தவறினால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். கிள்ளானில் என் மாமா தன் மகனுக்கு வைகாசியில் முகூர்த்தம் பார்த்து வைத்திருந்தார். மாப்பிள்ளை நல்லவர்தான். எனக்குத்தான் கழுத்தை நீட்ட மனமில்லை.

எங்களுக்குத் தெரிந்த மதிப்புள்ளவர் துபாசி ஐயா ஒருவர்தான். கேட்டதும் சரி என்று தலையாட்டினார். ஆனால் கடிதம் வரவில்லை. "மார்க் வரட்டும் பாப்பா. கண்ணால பார்க்காததை நான் எப்படி எழுதுறது?" என்றார். உண்மை அதுவல்ல. பலநாள் மாலையில் அவர் மேஜையில் வெள்ளைத்தாளை விரித்து வைத்து, பேனாவைத் திறந்து, மறுபடி மூடுவதை நான் பார்த்திருக்கிறேன். வாழ்நாளில் எத்தனையோ வாக்குமூலங்களை ஆங்கிலத்தில் சொன்னவருக்குத் தன் சொந்த வார்த்தையில் ஒருத்தியைப் பற்றி நாலு வரி எழுத வரவில்லை. கட்டிலில் படுத்தபடி அக்கா, "எழுதினீங்களா?" என்று கேட்பார். அவர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்துவிடுவார்.

அக்காவுக்குக் காசநோய். தெருவில் எல்லோரும் நல்லவர்கள். நல்லவர்கள் எல்லோரும் கதவருகில் நின்று நலம் விசாரித்துவிட்டுப் போனார்கள். அம்மாவும் அப்படித்தான். தினம் கஞ்சி வைத்து என்னிடம் கொடுத்தனுப்புவாள். கூடவே "வாசலோட வச்சிட்டு வந்துடு, உள்ள போகாதே" என்பதையும் சேர்த்து அனுப்புவாள். நான் கஞ்சியை மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து அக்காவுக்குத் தலை வாரிவிடுவேன். சீப்போடு கொத்துக் கொத்தாய் வரும் முடியை அவர் பார்க்காதபடி முந்தானையில் முடிந்துகொள்வேன். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா, நான் பிழைச்சுக்குவேனா?" என்று கேட்டார். எல்லோரும் சொல்வதை நானும் சொல்லியிருக்கலாம். "தெரியலக்கா" என்றேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார், சிரிப்பு இருமலாகிவிட்டது. ஐயா அன்றும் வெள்ளைத்தாளோடு மேஜையருகில்தான் இருந்தார்.

மார்க் வந்த அன்றுதான் அக்கா போனார். தலைமையாசிரியை முத்திரை வைத்துக் கொடுத்த மார்க் நகலோடும் அவருடைய கடிதத்தோடும் நான் ஓடிவந்தபோது அடுத்த வீட்டில் அழுகுரல் கேட்டது. துக்கம் விசாரித்துவிட்டு வந்து குளித்தோம். மறுநாள் பகல் மெயில்தான் கெடுவுக்குள் சிங்கப்பூர் போய்ச் சேரும் கடைசி வண்டி. "சாவு வீட்டுல போயி லெட்டர் கேட்க முடியுமாடி?" என்றாள் அம்மா. முடியாது என்று எனக்கும் தெரியும். அன்று நான் அக்காவுக்காக அழுதேனா எனக்காக அழுதேனா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை வாசலில் ஆள் நிற்பது தெரிந்து வெளியே வந்தோம். துபாசி ஐயா என்று முதலில் அடையாளம் தெரியவில்லை. பிள்ளை இல்லாததால் அவரே கொள்ளி வைத்திருந்தார். மழித்த தலை, மீசை இல்லாத முகம், இடுப்பில் ஈரவேட்டி, வெறுங்கால். கோட்டும் தலைப்பாகையும் இல்லாமல் அவரை நாங்கள் பார்த்ததே இல்லை. தீட்டுக்காரர் என்பதால் கேட்டைத் தொடாமல் தெருவோரம் நின்றார்.

"மார்க் வந்துடுச்சா?" என்றார். நான் நகலை விரித்துப் பிடித்தேன். எட்டி நின்றபடியே கடைசி வரிவரை படித்தார். பிறகு உலர்ந்த துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்த ஒரு தாளையும் பேனாவையும் எடுத்தார். எழுத இடமில்லாததால் எங்கள் கேட்டின் மேல்கட்டையில் அதை வைத்து, பேனாவை ஒரு உதறு உதறி, அடியில் ஒரு வரி சேர்த்தார். உதறியதில் விழுந்ததுதான் அந்த மை.

"கையெழுத்துப் போடறதுக்கு முந்தி படிச்சுக் காட்டணும், அது கோர்ட்டு வழக்கம்" என்றார் அம்மாவிடம். "இதைச் சொன்னவ இப்ப இல்ல. உங்க மகளைப் பத்தின பேச்சு, நீங்களாவது கேட்டுக்குங்கம்மா."

ஆங்கிலத்தில் இருந்ததைப் பார்த்துத் தமிழில் சொன்னார், சாட்சிக் கூண்டின் அருகே நின்று சொல்லும் அதே குரலில். "என் மனைவி தமிழில் சொன்னது. எல்லாரும் கதவுகிட்ட நின்னு பேசுவாங்க. இந்தப் பொண்ணு உள்ள வந்து உட்காருவா. உதிர்ந்த முடியை எனக்குத் தெரியாம மறைச்சுக்குவா. பிழைப்பேனான்னு எல்லாரையும் கேட்டேன். எல்லாரும் பிழைச்சுக்குவேன்னாங்க. இவ ஒருத்திதான் தெரியலைன்னா. இவகிட்டதான் எனக்குப் பயம் போச்சு. இவளை டாக்டருக்குப் படிக்க வைங்க." அதற்குக் கீழே அவர் வரிகள் இரண்டு: "இது உண்மையான மொழிபெயர்ப்பு, கூட்டவில்லை, குறைக்கவில்லை. மார்க்கை நான் கண்ணால் பார்த்தேன்." கையெழுத்துப் போட்டார்.

'உள்ள வந்து உட்காருவா' என்ற இடத்திலேயே அம்மா என் பக்கம் திரும்பிவிட்டாள். அந்தப் பார்வைக்கு நான் எங்கே போய் ஒளிவேன்? "கட்டைமேல வைக்கிறேன், நான் தள்ளிப் போனதும் எடுத்துக்குங்க" என்றார் ஐயா. அம்மா அசையாமல் நின்றாள். பிறகு விடுவிடுவென்று போய்க் கேட்டைத் திறந்து, அவர் வைப்பதற்குள் அவர் கையிலிருந்தே தாளை வாங்கிக்கொண்டாள். "நானும் கதவுகிட்டயே நின்னுட்டேனே ஐயா" என்றாள்.

ஆனால் அம்மா அம்மாதான். தாளை என்னிடம் கொடுத்த அடுத்த நிமிஷம், "காகிதத்துக்குத் தீட்டு இல்லை, நமக்கு உண்டு" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள். அவளும் குளித்து, என்னையும் தலையோடு குளிக்கவைத்து அனுப்புவதற்குள் தபாலாபீஸில் மெயில் பையைக் கட்டிவிட்டார்கள். திரும்பி ஓடிவந்தபோது ஐயா இன்னும் தெருவோரத்தில் நின்றிருந்தார். "மெயில் வண்டியிலயே தபால் பெட்டி இருக்கு. கூட ஒரு ஸ்டாம்பு ஒட்டினா கடைசி நிமிஷம் வரைக்கும் வாங்குவான். வா" என்றார். துக்கம் காப்பவர் இப்படி நாலு பேர் நடுவே வரலாமா என்று நான் தயங்கினேன். "ஸ்டேஷனுக்கு ஏது தீட்டு" என்று சொல்லிவிட்டு முன்னே நடந்தார். பிளாட்பாரத்தில் அவரை அறிந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். பெட்டிக்குள் உறையைப் போடப் போகையில் என் கூந்தலிலிருந்து சொட்டு விழுந்து முகவரி நனைந்தது. "துடைக்காதே, மை கலைஞ்சிடும். தானா காயட்டும்" என்றார். வண்டி மறையும்வரை இருவரும் நின்றோம்.

கல்லூரியில் என்னை நேர்காணல் செய்த வெள்ளைக்காரப் பேராசிரியர் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அந்த அம்மாள் பிழைத்தாரா?" இல்லை என்றேன். இடம் கிடைத்தது. முதல் விடுமுறையில் ஐயாவுக்கு நன்றி சொல்லப் போனேன். மறுபடி கோட்டும் தலைப்பாகையுமாய் இருந்தார். "நான் எதுவும் எழுதல பாப்பா. மொழிபெயர்த்தேன், அவ்வளவுதான்" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

போன மழைக்காலத்தில், நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே அவரைக் கொண்டுவந்தார்கள். வயிற்றில் கட்டி. அறுத்துப் பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டார்கள். மாலையில் அவர் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாப்பா, நான் பிழைச்சுக்குவேனா?" என்றார். அன்று அக்காவிடம் தெரியலை என்றது, எனக்கு உண்மையிலேயே தெரியாததால். இப்போது தெரியும், தெரிந்துகொள்ளத்தான் அவர்கள் என்னைப் படிக்க அனுப்பினார்கள். "இல்லை ஐயா" என்றேன். அவர் கையை எடுக்கவில்லை. "அப்போ உன்னைப் பத்தி அவ சொன்னதை நான் சரியாத்தான் மொழிபெயர்த்திருக்கேன்" என்றார்.

அவர் போன அன்று வீட்டுக்கு வந்து கேட்டருகில் நின்றேன். மைக்கறைமேல் கையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஆஸ்பத்திரியில் எத்தனையோ சாவுகளைப் பார்த்தவள் நான். கை கழுவிவிட்டு வந்து சாப்பிட உட்காருவதுதான் வழக்கம். அன்று உள்ளே போகாமல் குழாயடிக்குப் போனேன். அம்மா பின்னாலேயே வந்தாள். சொம்பை எடுத்து அவளே என் தலையில் தண்ணீர் ஊற்றினாள், சொந்தத்தில் ஒருவரைப் பறிகொடுத்துவிட்டு வந்தவளுக்கு ஊற்றுவதுபோல.