நாலு மணி பிஸ்கட்

அஸ்தினாபுரம் பக்கத்து முதியோர் இல்லத்துக்கு இரண்டு பெட்டியோடும் ஒரு நாயோடும் வந்து சேர்ந்தேன். மனைவி போன பிறகு என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டது அந்த நாய் ஒன்றுதான். சிறுசேரியில் வேலை பார்க்கும் மகனின் ஃப்ளாட்டில் நாய்க்கு இடமில்லை. "நாய் வரக்கூடாதென்றால் நானும் வரவில்லை" என்று இல்லத்து மேனேஜர் அம்மாவிடம் முறுக்கிக்கொண்டேன். அவர் மூன்று மாதம் கெடு கொடுத்தார். அதற்குள் நாயை நான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தால், அதை வேறு இடத்துக்கு அனுப்பிவிட வேண்டும்.

நாய் சமர்த்தாகத்தான் இருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் ஒவ்வொருவர் நாற்காலிக்கும் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். எனக்குத்தான் உள்ளுக்குள் எரிச்சல். என் நாய் எதற்காக அடுத்த அறை டீச்சரம்மாவின் காலடியில் படுக்க வேண்டும்?

இரண்டாவது மாதக் கடைசியில் பல்லாவரத்திலிருந்து நாய் டாக்டர் வந்தார். என்னை நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி நிற்கச் சொன்னார். பிறகு என்னை மட்டும் நிற்க வைத்துக் கழித்துப் பார்த்தார். இங்கே வந்தபோது இருந்ததைவிட நாய் மூன்று கிலோ ஏறியிருந்தது.

"இப்படியே போனா இதுக்கும் சுகர் வந்துடும் சார். யார் இதுக்குத் தீனி போடறது?"

எல்லோரும் ஃபேனைப் பார்த்தார்கள். தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாதான் போட்டு உடைத்தார். "இன்னா சார் இப்டி கேக்குறீங்கோ? நாலு மணி டீக்கு குடுக்குற கிரீம் பிஸ்கட் பூரா இதுக்குத்தான் போவுது. இங்க பாதி பேருக்கு சுகர் கீது. வேணாம்னு வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்கோ. டேபிளுக்கு அடியில வுட்டுடுவாங்கோ."

"யாரோட நாய் இது?" என்றார் டாக்டர்.

"சாரோடது" என்று அத்தனை பேரும் என்னைக் கைகாட்டினார்கள்.

பற்றிக்கொண்டு வந்தது. "பிஸ்கட் போட்டது நீங்க, திட்டு வாங்கறது நானா?" என்று கத்தினேன். பாதியில் குரல் இறங்கிவிட்டது. எனக்கும் சுகர். என் இரண்டு பிஸ்கட்டும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தன.

"இன்னும் ஒரு மாசம்தான் சார் இருக்கு. எடை குறையலைன்னா நாய்க்கு வேற இடம் பாத்துடுங்க" என்றார் மேனேஜர் அம்மா. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நாய் இல்லாமல் அந்த அறையில் எப்படி இருப்பேன் என்று நிஜமாகவே பயந்தேன்.

மறுநாள் டீச்சரம்மா தன் பழைய மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்தார். ஏழு நாளுக்கும் காலை, மதியம், ராத்திரி என்று கட்டம் பிரித்த டப்பா. "நாய் பிஸ்கட்டை இதுல போட்டு வைப்போம். கட்டம் காலியா இருந்தா, போட்டாச்சுன்னு அர்த்தம். மறந்துபோய் ரெண்டாவது வாட்டி போட மாட்டோம்" என்றார். நாங்கள் எல்லோரும் மாத்திரை சாப்பிடுவதே அந்த லட்சணத்தில்தான்.

கஷ்டமான வேலை நாலு மணிக்குத்தான் இருந்தது. டீ வந்ததும் டீச்சரம்மா எழுந்து நின்று, "எனக்கு சுகர். பிஸ்கட் வேண்டாம்" என்றார். அடுத்தது நான். பிறகு, தனக்குச் சுகர் என்று இரண்டு வருஷமாக மூச்சு விடாமல் இருந்த ரிட்டையர்டு ரயில்வேக்காரர். கடைசியில் பதினோரு பேர் தேறினோம். மேனேஜர் அம்மா பிஸ்கட்டை நிறுத்திவிட்டுச் சுண்டலுக்கு ஏற்பாடு செய்தார். நாய் நாற்காலி நாற்காலியாகப் போய் ஏங்கிப் பார்த்தது. ஒருவரும் மசியவில்லை. ஞாயிற்றுக்கிழமை டப்பாவை நிரப்ப என் அறையில் கூட்டம் கூடியது. காலையில் நாயை நடக்கக் கூட்டிப்போனால், பின்னாலேயே நாலு பேர் வந்தார்கள்.

மாதம் முடிந்து டாக்டர் வந்தார். மறுபடியும் ஏற்றினார், கழித்தார், சிரித்தார். இரண்டரை கிலோ இறங்கியிருந்தது. மேனேஜர் அம்மா குனிந்து முதல்முறையாக நாயைத் தடவிக் கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டாக்டர் தடுப்பூசி அட்டையை எடுத்தார். "யாரோட நாய்னு எழுதட்டும்?"

நான் வாயைத் திறப்பதற்குள், "எங்களோடது" என்று கூடம் முழுக்கச் சத்தம். டாக்டர் பேனாவை நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். நாய் டீச்சரம்மாவின் காலடியில் படுத்திருந்தது.

"அப்படியே எழுதுங்க டாக்டர்" என்றேன்.