ஜெபம் வராதவருக்கு என்ன படிப்பு

இறையியல் கல்லூரியில் அவரை எல்லோரும் ‘லிஃப்ட் அண்ணன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பதை நெருங்கும் வயதில் முதுநிலைப் படிப்புக்கு வந்து சேர்ந்தவர். அதற்கு முன் உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். நடுவழியில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களை வெளியே நின்றபடி பேசிப் பேசியே ஆற்றுவதில் கெட்டிக்காரர். “உங்க வாய்க்கு நீங்க போதகராப் போயிருக்கணும்” என்று யாரோ விளையாட்டாகச் சொன்னது மனதில் ஒட்டிக்கொண்டது. தபால்வழியில் ஒரு பட்டம் வாங்கினார். அவருடைய சபையே செலவை ஏற்று அனுப்பிவைக்க, மனைவியோடும் ஒரே மகளோடும் கல்லூரிக் குடியிருப்பில் வந்து இறங்கினார்.

சேர்ந்தது எம்.டிவ். போதகராக வேண்டுமென்றால் அதுதான் வழி. பாடத்தோடு முடிந்துவிடாது, பிரசங்கம் செய்ய வேண்டும், ஆராதனை நடத்த வேண்டும், கடைசி வருடத்தில் மருத்துவமனையில் நோயாளிகளின் படுக்கையருகே நின்று ஜெபித்துப் பழக வேண்டும். வேதத்தை ஆராய்ச்சியாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு எம்.ஏ. இருந்தது. அந்த மாணவர்களை ‘புத்தகப்புழுக்கள்’ என்று கிண்டல் செய்தவர்களில் இவரும் ஒருவர்.

இரண்டாம் வருடம் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு மாத்திரையில் சரியாகிவிடும் என்று நினைத்தது மூளைக்கு ஏறிவிட்டது. மருத்துவமனை வராந்தாவில் ஆள் போக்குவரத்தைக்கூடப் பார்க்காமல் முழந்தாளிட்டுக் கெஞ்சினார். பிள்ளை போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியவர் பழக்கத்தில் முழந்தாளிட்டு வாயைத் திறந்தார். ஒரு சொல்கூட வரவில்லை. கோபம் வந்திருந்தால்கூடத் தேவலை. கோபித்துக்கொள்ளவாவது எதிரில் ஒருவர் வேண்டுமே. எதிரில் சுவர்தான் இருந்தது.

அன்றிலிருந்து நடிப்புதான். கல்லூரிச் சிற்றாலயத்தில் எல்லோரோடும் உதட்டை அசைப்பார். ஆராதனை நடத்தும் முறை வந்தால் அச்சிட்ட ஜெபத்தை எடுத்துக் கடகடவென்று வாசித்துவிடுவார். “அண்ணன் எப்படித் தாங்குறார் பாரு, விசுவாசம்னா அது” என்று இளையவர்கள் பேசிக்கொள்ளும்போது எங்காவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போல இருக்கும். வீட்டில் மனைவியின் முகத்தைப் பார்த்துப் பேசுவதே குறைந்துபோயிற்று.

மருத்துவமனைப் பயிற்சிக்கு இடம் ஒதுக்கினார்கள். அவருக்குக் குழந்தைகள் வார்டு.

மறுநாளே கல்லூரி முதல்வரின் அறைக்குப் போனார். முதல்வர் வயதான அம்மாள். வேதத்தின் மூலமொழியான எபிரேயம் கற்பிப்பவர்.

“அம்மா, நான் எம்.ஏ.வுக்கு மாறிக்கலாமா?”

“மாறலாம் தம்பி. படிச்ச பாடங்களைக் கணக்குல எடுத்துக்குவாங்க. ஆனா அதை வச்சுப் போதகராக முடியாது. தெரியுமில்ல?”

“தெரியும்மா.”

“வார்டுதான் பிரச்சினைன்னா வேற வார்டு போடச் சொல்றேன்.”

“எந்த வார்டுன்னாலும் முடியாதும்மா. எனக்கு ஜெபமே வரல. பொண்ணு போனதுலேருந்து. எம்.ஏ.ல எபிரேய இலக்கணம்தானே, அதை யாரு வேணும்னாலும் படிக்கலாமில்லையா? அதுக்கு நம்பிக்கை வேணுமா?”

முதல்வர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“ஒளிஞ்சுக்க இடம் தேடி எம்.ஏ.வுக்கு வராதீங்க. அங்கயும் இதே வார்த்தைங்கதான் இருக்கு. இன்னும் மெதுவா, ஒவ்வொண்ணா வாசிக்கணும்” என்றார். பிறகு, “வீட்டுல சொல்லிட்டீங்களா?”

“இல்லம்மா.”

“முதல்ல அவங்ககிட்ட சொல்லுங்க. அப்புறம் வாங்க.”

மனைவி கொடியிலிருந்து எடுத்துவந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். இவர் வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார். உட்கார்ந்தால் சொல்லாமலே விட்டுவிடுவோம் என்ற பயம்.

“நான் இத்தனை மாசமா ஜெபிக்கவே இல்ல. உன்னையும் ஊரையும் ஏமாத்திட்டிருக்கேன்.”

மடித்த துணியை மனைவி மறுபடி உதறினார்.

“நீங்களுமா?”

“நீங்களுமான்னா?”

“நான் அன்னிக்கே விட்டுட்டேங்க. நீங்க இருக்கீங்களே, நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்து நீங்க பண்ணிட்டிருப்பீங்கன்னு நெனச்சேன். அதைப் பிடிச்சுக்கிட்டுதான் இருந்தேன். அப்போ இந்த வீட்டுல யாருமே பண்ணலியா?”

இத்தனை நாள் அவர் இது தன் ஒருவனுடைய பாரம் என்றுதான் எண்ணியிருந்தார். மனைவி சாய்ந்திருந்த சுவரையும் தான் இடித்துவிட்டது அப்போதுதான் உறைத்தது. மனைவி சத்தமாக அழுதார். அடக்கத்தன்றுகூட அப்படி அழவில்லை. இவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்ல வாயெடுத்தார், முடியவில்லை. அவரும் அழுதார்.

எம்.ஏ.வுக்கு மாறிய செய்தி தெரிந்ததும் சபையின் மூத்தவர் போனில் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். “உங்களை நம்பித்தானே அனுப்பினோம்? சபைக்கு நாங்க என்ன பதில் சொல்றது?” சபையின் உதவி நின்றது. குடும்பக் குடியிருப்பு எம்.டிவ். மாணவர்களுக்கு மட்டும் என்பதால் வீட்டையும் காலி செய்தார்கள். மகளின் கட்டிலைக் கழற்றும்போது ஒரு திருகு அசையவே மாட்டேன் என்றது. லிஃப்டையே பிரித்துப் போடுகிறவர் அந்தத் திருகின்முன் வெகுநேரம் குந்தியிருந்தார். கடைசியில் மனைவிதான் திருப்புளியை வாங்கிக் கழற்றினார்.

காலையில் பழைய வேலை, மதியத்துக்கு மேல் வகுப்பு என்று ஓடியது. முதல்வர் சொன்னது சரிதான், ஒளிய இடம் இருக்கவில்லை. ஆய்வுக்கு வேதத்திலிருந்து ஒரு புலம்பல் பாட்டை எடுத்துக்கொண்டார். மற்ற புலம்பல்கள் கடைசியில் எப்படியாவது நன்றி சொல்லித் தேறிவிடும். இது இருட்டிலேயே முடிந்துபோகிற பாட்டு. சில நாட்கள் ஒரே வரியோடு உட்கார்ந்துவிட்டு எழுந்து வருவார்.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் கேட்டார்: “எல்லாம் சரி. இதுல நம்பிக்கை எங்க இருக்குன்னு நீங்க எழுதலியே?”

“எழுதினவர் சொல்லலீங்க ஐயா. நானா சேர்க்க மனசு வரல.”

பேராசிரியருக்குத் திருப்தியில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் தேர்ச்சி கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி, “அப்படியே சொன்னீங்களா? அவர் முன்னாடியேவா?” என்றார். முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்து போனது. சாப்பாடு எடுத்துவைத்தார். சாப்பிடும் முன் நன்றி சொல்வது அந்த வீட்டில் மகளின் வேலையாக இருந்தது. அவள் போனபிறகு தட்டு வந்ததும் சாப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். அன்று இரண்டு பேருமே கையை வைக்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சோறு ஆறத் தொடங்கியபிறகு மனைவி, “சாப்பிடுங்க” என்றார்.