தனி ஆவர்த்தனத்தின் நடுவே

கணினிப் பெட்டியைத் திறப்பதற்கு முன் தயாளினி கிணற்றடிக்குப் போவாள். செருப்பைப் படியில் கழற்றிவிட்டு, ஈரச் சீமெந்தில் வெறுங்காலோடு நின்று, மோட்டரின் இரும்புக் குழாயைப் புறங்கையால் ஒருதரம் தொடுவாள். மூன்று வரை எண்ணுவாள். பிறகு வேறெதிலும் படாமல் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே ஏந்தியபடி உள்ளே வருவாள். உடம்பில் தேங்கிய மின்சாரம் கணினியின் நினைவகத் தகட்டைச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக. அளவெட்டியின் ஈரக்காற்றுக்கு இது அவ்வளவு தேவையில்லை என்று அவளுக்கும் தெரியும். ஆனால் ஒரு தகட்டை ஏற்கெனவே எரித்தவள் அவள்.

"குழாய்க்கு ஒரு பூவும் வையுமன்," என்பான் கணவன் பிரகாஸ்.

"ஆய்ஞ்சு தாங்கோ, வைக்கிறன்."

சுன்னாகத்துக் கடையொன்றில் பிரிண்டர் திருத்துவது அவளுடைய வேலை. யாழ்ப்பாணத்து நிறுவனம் ஒன்று, சேர்வர் எனும் பொதுக் கணினிகளைப் பராமரிக்கும் பரீட்சையில் சித்தியடைந்தால் வேலைக்கு வரச் சொல்லியிருந்தது. அதுவும் இந்த மாதம் முடிவதற்குள். முதல் தடவை அவள் தவறிவிட்டாள். புத்தகம் முழுவதும் பாடம், கை வைத்துப் பழக ஒன்றுமில்லை. புது சேர்வர் வாங்கும் நிலையிலும் வீடு இல்லை. எனவே ஓர் அலுவலகம் கழித்துவிட்ட இரண்டு கணினிகளைத் தேடிப் பிடித்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். திரை உடைந்த மடிக்கணினி ஒன்று இரண்டுக்கும் பொதுவான களஞ்சியமானது. கதவு கழற்றிய அலுமாரிக்குள் மூன்றையும் அடுக்கி, மேசை விசிறியை முன்னால் வைத்தாள். அதுதான் அவளுடைய சேர்வர்.

அதற்குள் மென்பொருளால் கட்டிய கணினிகள் ஆறு ஓடின. அவற்றில் ஒன்று மாமனார் தம்பிஐயாவுக்கானது. அவர் தவில்காரர், கோயிலும் கலியாணமுமாய் மாதத்தில் பாதி நாள் வீட்டில் தங்கமாட்டார். வீட்டில் நிற்கும் நாளில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்மனைக் கதிரையில் கச்சேரி கேட்க வேண்டும். போனில் கேட்கையில் இணையம் இழுபட்டால், "தாளத்தைக் கொண்டுபோய்க் கிணத்துக்கை போட்டுட்டாங்கள்!" என்று ஒழுங்கைக்கே கேட்கக் கத்துவார். ஆகவே அவர் கேட்கும் ஒலிப்பதிவுகள் எல்லாம் சேர்வருக்குள் குடிபுகுந்தன.

அவள் பரீட்சையில் தவறிய இடம் ஒன்றே ஒன்றுதான். ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் கணினியை, நிறுத்தாமல், ஒரு பெட்டியிலிருந்து மற்றதற்கு மாற்றுவது. "ஓடுற பஸ்ஸிலையிருந்து ஓடுற பஸ்ஸுக்குத் தாவுறது. கையிலை இருக்கிற தேத்தண்ணி சிந்தப்படாது," என்று பிரகாசுக்கு விளக்கினாள்.

மூன்று கிழமையாகச் சிந்திக்கொண்டேயிருந்தது. பழைய பெட்டிக்குப் போனதும் எல்லாம் உறைந்துவிடும். காரணத்தை அவள் கண்டுபிடித்தது ஒரு புதன்கிழமை. இரண்டு பெட்டிகளும் ஒரே வயதல்ல. புதியதற்கு மட்டும் தெரிந்த வித்தைகளை நம்பி ஓடிய கணினி, பழையதில் கால் வைத்ததும் திகைத்து நின்றது. இரண்டுக்கும் பொதுவாகத் தெரிந்ததோடு மட்டும் நிற்கும்படி கட்டளை மாற்றினாள். மறுபடி மாற்றிப் பார்த்தபோது, திரையில் வைத்த மணிக்கூடு நிற்காமல் ஓடியது.

ஆனால் கண் ஏமாறும். பரீட்சை சனிக்கிழமை, தள்ளிப்போடுவதென்றால் வியாழன் ஐந்து மணிக்குள் அறிவிக்க வேண்டும். ஏமாறாத காது ஒன்று வீட்டிலேயே இருந்தது.

வியாழன் மத்தியானம் தம்பிஐயா கதிரையில் சாய்ந்தார். "அந்த மிஸ்ர சாப்புத் தாளக் கச்சேரியை விடு பிள்ளை." வழக்கமாகப் பத்து நிமிடத்தில் குறட்டை வந்துவிடும். அன்று எழுந்துபோய் விறாந்தை விசிறியை நிறுத்திவிட்டு வந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

முன்கூட்டியே சேர்த்து வைக்கும் ஒலியை அரைச் செக்கனுக்குக் குறைத்திருந்தாள். இல்லாவிட்டால் இடையில் நின்றாலும் வெளியே தெரியாது, கள்ள விளையாட்டாகிவிடும். தவில் தனி தொடங்கி, ஏழேழாய்ச் சுழன்று நெருங்கும் இடத்தில், பெட்டி மாற்றும் பொத்தானை அழுத்தினாள். பத்து வீதம். நாற்பது. யன்னலூடாக அவருடைய விரலையே பார்த்தாள். கதிரைக் கையில் அது தட்டிக்கொண்டிருந்தது. தொண்ணூறு. நூறு. விரல் நிற்கவில்லை. அலுமாரிக்குப் போய், பாட்டு முதலில் ஓடிய பெட்டியின் மின்கம்பியையே பிடுங்கினாள். வெளியே தனியை முடித்துவைக்கும் தீர்மானம் பிசகாமல் முழங்கி முடிந்தது.

"என்ன பிள்ளை முழுசுறாய்?"

"ஒண்டுமில்லை மாமா. கச்சேரி எப்பிடி?"

"கச்சேரிக்கென்ன? தவில்காரன்தான் கொஞ்சம் அந்தரப்பட்டு, அவசரமாய் அடிக்கிறான்."

அவள் கதிரைக்குக் கிட்ட வந்தாள். "எந்த இடத்திலை?"

"எல்லா இடத்திலையும்தான். உவன் எப்பவும் உப்பிடித்தான்."

அவள் நாளைத் தள்ளிப்போடவில்லை. சனிக்கிழமை, அதே பகுதியில் முழுப் புள்ளிகளோடு சித்தியடைந்தாள். கடையில் எல்லாருக்கும் ரோல்ஸும் தேத்தண்ணியும் அவளுடைய செலவில். அடுத்த கிழமை யாழ்ப்பாணத்து நிறுவனத்தில், ஆள் உயரத்து உண்மையான சேர்வரின் முன் நிறுத்தப்பட்டபோது, அவள் முதலில் தேடியது தொடுவதற்கு ஓர் இரும்புக் குழாயைத்தான்.

மாம்பழக் காலம் வந்ததும், ஆனியில் ஒருநாள் தம்பிஐயா ஒரு கூடை கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைப் பிரகாசின் முன் வைத்துவிட்டு உள்ளே போனார்.

"இதென்ன?" என்றாள் தயாளினி.

"அப்பா தோத்தது," என்று சிரித்தான் பிரகாஸ். அந்த வியாழன் காலை அவன் தகப்பனிடம் சொல்லியிருக்கிறான்: "இண்டைக்குத் தனிக்குள்ளை ஓரிடத்திலை உங்கடை மருமகள் பாட்டை அறுத்து ஒட்டப்போறா. எந்த இடமெண்டு பிடிச்சியளெண்டால் நான் ஒரு கூடை மாம்பழம் வாங்கித் தாறன். பிடிக்காட்டில் நீங்கள்." அதற்காகத்தான் அவர் விசிறியை நிறுத்தியிருக்கிறார்.