அக்கா யோசித்துச் சொன்ன சம்மதம்

எங்கள் அக்கா மறைந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. உடன்பிறந்தவன் என்று எழுத நான் ஒருவன்தான் இருக்கிறேன். உட்கார்ந்தால் துக்கம் பொங்கும், அதைக் கொண்டு எழுதிவிடலாம் என்று எண்ணியிருந்தேன். அப்படி ஒன்றும் பொங்கவில்லை. மனசு மரத்துக் கிடக்கிறது. ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது மலாக்காவுக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அப்பா காய்ச்சலில் இறந்தபோது அக்காவுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு மூன்று. மறு வாரமே அம்மாவோடு மரம் சீவப் போனார். பதினாறில் மணம் முடித்து வைத்தார்கள். மாப்பிள்ளையின் முகத்தை மணவறையில்தான் பார்த்தாராம். ஜப்பான்காரன் காலத்தில் அந்த அத்தானை ரயில் பாதை போடச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். உடன் போனவர்களில் இருவர் திரும்பி வந்து, அவரைக் காட்டிலேயே புதைத்துவிட்டதாகச் சொன்னார்கள். அம்மாவும் அந்தப் பஞ்சத்தில் போய்ச் சேர்ந்தார்.

யுத்தம் முடிந்ததும் அக்கா என்னை அழைத்துக்கொண்டு மலாக்கா நகரத்துக் காஜா பெராங்கில் ஓர் அறை வாடகைக்கு எடுத்தார். ஜாலான் பெண்டஹாரா தெருத் துணிக்கடைகளுக்கு ரவிக்கை தைத்தார். என்னைப் படிக்க வைத்தார். நான் அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணி வேலைக்குப் போய், மணம் முடித்து, புக்கிட் பாருவில் குடியேறினேன். உடன் வரும்படி அழைத்தேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி, ஒரு வாரம் கழித்து, வரவில்லை என்றார். எதற்கும் அவர் உடனே பதில் சொன்னதில்லை. அதை நான் தயக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்காவின் பக்கத்து வீட்டில், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழ் வணிகரின் வழிவந்த சிட்டி இனத்தவர் ஒருவர் இருந்தார். மனைவியை இழந்தவர். நகராட்சியில் தண்ணீர்க் குழாய் பழுது பார்ப்பவர். நம்மைப்போல் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்தான். ஆனால் வீட்டில் பேசுவது மலாய், கட்டுவது சாரோங். தமிழில் நாலைந்து சொல்லுக்கு மேல் தெரியாது. அவர் ஒருநாள் அக்காவிடம் நேராகவே கேட்டுவிட்டார், தன்னை மணந்துகொள்ளச் சம்மதமா என்று. அக்கா மூன்று மாதம் தவணை கேட்டார். மூன்று மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார்.

அப்போது அக்காவுக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. நான் கேட்டதெல்லாம், உறவினர் முகத்தில் எப்படி விழிப்பது, மொழி தெரியாதவரோடு எப்படி வாழ்வது என்பவைதான். அக்கா கோபப்படவில்லை.

"தம்பி, நான் தீபாவளியையும் திருநாளையும் நினைச்சுப் பார்க்கல. சும்மா ஒரு செவ்வாய்க்கிழமையை நினைச்சுப் பார்த்தேன். காலையில எழுந்து அடுப்பு மூட்டுறதிலிருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும். அவர் இருக்கிற செவ்வாய், இல்லாத செவ்வாய். மூணு மாசமா ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டேன்."

"அப்புறம்?"

"அவர் இருக்கிற செவ்வாய்தான் எனக்கு வேணும். இதுவரைக்கும் என்னைக் கேட்டு எதுவும் நடந்ததில்ல. இதை நானே என்னைக் கேட்டுக்கிட்டேன்."

கோயிலில் நடந்த திருமணத்துக்கு நான் போகவில்லை. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர் பலரும் போகவில்லை. குறை சொல்வதற்காக எழுதவில்லை. முதலில் போகாதவன் நான்தான்.

அந்த ஆண்டுதான் நாடு சுதந்திரம் பெற்றது. கொடியேற்றம் பார்க்கக் கடற்கரைத் திடலில் கூட்டம் நிரம்பி வழிந்தது. சற்றுத் தள்ளி அக்காவும் புது அத்தானும் நின்றிருந்தார்கள். கையில் வறுத்த கடலைப் பொட்டலம். அத்தான் ஏதோ சொல்ல, அக்கா வாயைப் பொத்தாமல் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. என்னைப் பார்த்ததும் கையசைத்தார். கொடியைப் பார்ப்பதுபோல் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிறகு ஐந்து ஆண்டுகள் நான் அந்தத் தெருப் பக்கம் போகவில்லை. அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்ததும் அத்தான் சைக்கிளில் என் அலுவலகத்துக்கு வந்தார். வாசலில் நின்று மலாயில் சொன்னார், அக்கா என்னைக் கூப்பிடவில்லை, தானாகத்தான் வந்ததாக. அன்று மாலையே போனேன்.

ஏதோ குறையோடு இருப்பார் என்று நினைத்துப் போனவனுக்கு அங்கே அப்படி எதுவும் தென்படவில்லை. சிறிய வீடு. சமையலறை ஜன்னலுக்கு நீல வர்ணம் பூசியிருந்தார்கள். பண்டிகைக் காலத்தில்கூட மூன்று மணிக்கு மேல் அக்கா தைப்பதில்லை என்று அத்தான் சொன்னார். கடைக்காரர் கூடுதல் துணி கொண்டுவந்தாலும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுவாராம். மூன்று மணிக்கு இருவரும் பின்வாசலில் உட்கார்ந்து காப்பி குடிப்பார்கள். அவ்வளவுதான் அவர்களுடைய கொண்டாட்டம். மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்யலாம், உறுதி சொல்ல முடியாது என்றார்கள். அதற்கும் அக்கா இரண்டு நாள் யோசித்து, வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறேன் என்றார்.

என் மேல் கோபமா என்று ஒருநாள் கேட்டேன்.

"இருந்துச்சு. அப்புறம் நாள் நல்லாப் போச்சு, மறந்துட்டேன்" என்றார்.

இந்தச் சொல்லை ஓராண்டாகத் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். ஆறுதலா தண்டனையா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கஞ்சி குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, அத்தானின் தோளில் சாய்ந்தார். பிறகு எழவில்லை. கொள்ளி வைத்தேன். ஈமக்கடன் எல்லாம் முடித்தேன். மறுநாள் வேலைக்குப் போனேன்.

நோயின்போது முறைபோட்டுக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த சிட்டி கிராமத்துப் பெண்கள், வீட்டுக்கு வந்து மருந்து கொடுத்துப் போன மருத்துவ உதவியாளர், துணிக்கடைக்காரர்கள், காலம் கடந்தேனும் வந்து நின்ற உறவினர் அனைவருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

அத்தானுக்கு இந்த மலரைப் படிக்கத் தெரியாது. ஆகவே அச்சுக்குக் கொடுக்கும் முன் அவர் வீட்டுக்குப் போய், எழுதியதை எல்லாம் மலாயில் படித்துச் சொன்னேன். கடலைப் பொட்டலத்தைப் பற்றிச் சொன்ன இடத்தில் தலையை ஆட்டினார். எங்கள் அக்காவைச் சந்தோஷமாக வைத்திருந்ததற்கு நன்றி என்றேன். அவர் எழுந்து போய் இரண்டு தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்தார். அந்த வீட்டில் நான் சாப்பிட்டது அதுவே முதல் முறை.