கம்ப்யூட்டர் எழுந்திருக்கும் நேரம்

பெங்களூரு பீன்யாவில் ஒரு பட்டறையில், பழைய கம்ப்யூட்டரின் பிரிண்டர் போர்ட்டில் ரிலே என்ற மின்சுவிட்சை இணைத்து, லினக்ஸில் நான் எழுதிய புரோகிராமால் தகடு அழுத்தும் பிரஸ்ஸை இயக்கினேன். அதில் வேலை செய்த செல்வி கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வருபவர்.

"சார், கம்ப்யூட்டர் ஆன் ஆகறப்பவே பிரஸ் ஒருவாட்டி இறங்குது. உங்க புரோகிராம் அப்போ எழுந்திருக்கவே இல்ல," என்றார்.

"நான் எழுதினது, எனக்குத் தெரியாதாம்மா?" என்று சிரித்தேன்.

மறுவாரம் பிரஸ்ஸின் அச்சைத் துடைக்கக் கையை உள்ளே விட்டிருந்தேன். கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டர் தானாகக் கிளம்பியதும் ரிலே 'டக்' என்றது. பிரஸ் இறங்கவில்லை.

திரும்பினேன். பிரஸ்ஸின் மெயின் சுவிட்சை அணைத்து, அதன்மேல் கை வைத்தபடி செல்வி நின்றிருந்தார்.

"நீங்க கைய விட்டப்பவே அணைச்சிட்டேன் சார். அது எழுந்திருக்கறப்போ ஒருவாட்டி கடிக்கும்."

நான் நன்றிகூடச் சொல்லவில்லை. ரிலே மட்டமான சரக்கு என்றேன். அதுதான் இன்றும் உறுத்துகிறது. இதை எழுதுவதும் அதே கைதான்.