கழகத்தின் நிறம் இளஞ்சிவப்பு

அது கடும்நீல நிறப் பயணப் பை. சிப் ஒரு பக்கம் பிய்ந்திருந்ததால் இரண்டு சட்டைப்பின்கள் குத்தியிருந்தார்கள். உள்ளே பதினான்கு மேற்சட்டைகள். எனக்கு ஐந்து வயதாக இருந்தபோது, ஒரு ஞாயிறு மதியம், சுவிஸில், பூம்ப்ளிஸ் பகுதியில், எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்கு அப்பா அதைத் தோளில் சுமந்து வந்தார். கூடத்தில் வைத்ததும் ஈரப் புல்லும் வியர்வையும் மணத்தன. உதைபந்தாட்டக் கழகத்தின் சட்டைகளை வாரம் ஒரு வீடாக முறைவைத்துத் தோய்ப்பது ஹங்கேரியர்கள் ஏற்படுத்திய வழக்கம். அந்த வாரம் முதல் தடவையாக எங்கள் முறை.

கழகத்தைத் தொடங்கியவர்கள் 1956 புரட்சி நசுக்கப்பட்டபோது ஹங்கேரியை விட்டு அகதிகளாக வந்தவர்கள். கிழமை முழுக்கத் தொழிற்சாலை வேலை, ஞாயிறு காலையில் பந்து. யாருக்கும் சம்பளம் இல்லை. கடைசிப் பிரிவிலிருந்து ஒரே ஒருமுறை மேலே போய், அடுத்த ஆண்டே இறங்கி வந்தார்கள். முப்பது ஆண்டுகளில் அவர்களுடைய முழங்கால்கள் தேய்ந்துபோயின. மகன்மார் இதைவிட நல்ல கழகங்களுக்குப் போய்விட்டார்கள். பதினொரு பேர் சேர்வதே பாடாக இருந்த காலத்தில், பக்கத்துப் புல்வெளியில் எங்கள் ஆட்கள், இலங்கைத் தமிழர்கள், பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் அகதி முகாமிலிருந்து வந்தவர்கள்தான். கழகத்தின் செயலாளர் வேலியோரம் நின்று தலைகளை எண்ணினாராம். பிறகு, ஞாயிறு காலையில் உங்களுக்கு என்ன வேலை என்று மட்டும் கேட்டாராம். அப்படித்தான் அப்பா ஹங்கேரிக் கழகத்தில் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரரானார். ஆள் போதாததால் நிர்வாகசபையிலும் சேர்த்துக்கொண்டார்கள்.

செயலாளரை நான் நன்றாகப் பார்த்திருக்கிறேன். மெலிந்த மனிதர். சேற்று மைதானத்துக்கும் கழுத்துப்பட்டியோடு வருவார். கையில் எப்போதும் தடித்த அட்டை போட்ட ஒரு குறிப்பேடு. யார் பிந்தி வந்தது, மழை எப்போது விட்டது, கோலுக்கு முன் பந்தை யார் கொடுத்தது, எல்லாவற்றையும் எழுதுவார். கேலி செய்கிறவர்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது: "எழுதாதது நடக்கவில்லை."

சட்டைகளின் உடல் வெள்ளை, கைகள் சிவப்பு; ஹங்கேரிக் கொடியிலிருந்து எடுத்த நிறங்கள். அம்மா அப்போது ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்தார். அங்கே படுக்கை விரிப்புகளைத் தொண்ணூற்றைந்து பாகையில் தோய்ப்பார்கள். சுத்தமென்றால் அம்மாவுக்கு அதுதான். எங்கள் கட்டடத்தின் பொதுச் சலவை அறையில் எங்களுக்குரிய நாள் செவ்வாய். அன்று பதினான்கையும் தொண்ணூற்றைந்தில் போட்டார். திறந்தபோது பதினான்கும் இளஞ்சிவப்பு. அடுத்த செவ்வாய்வரை இயந்திரம் எங்களுக்கில்லை. ஆட்டமோ ஞாயிறு.

அந்த ஞாயிறு அம்மா மைதானத்துக்குப் போகவில்லை. அதன் பிறகும் போகவில்லை. எதிரணி சிரித்ததையும் நாங்கள் தோற்றதையும் அப்பா வந்து சொன்னார். அன்றிலிருந்து முப்பது ஆண்டுகளாக, விருந்தாளிகள் வந்தால் அந்தக் கதை வரும். "என்ர மனிசி ஒரு நாளிலை ஹங்கேரியைச் சாயம் போக்கினவ" என்பார் அப்பா. எல்லோரும் சிரிப்பார்கள். அம்மா தேநீர் வைக்க எழுந்து போவார்.

நிறம் மட்டும் பழையதுக்குத் திரும்பவில்லை. புதிய சட்டைகள் வாங்கியபோதும் இளஞ்சிவப்பிலேயே வாங்கினார்கள். என் மகளுக்கு இப்போது ஏழு வயது. அதே கழகத்தின் சிறுவர் அணியில் விளையாடுகிறாள். இது ஹங்கேரியின் பழைய நிறம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். தன் ஆட்டம் பார்க்க வரச்சொல்லி அம்மம்மாவைப் பல தடவை கேட்டுவிட்டாள். "எனக்கு அங்கை என்ன வேலை" என்பதற்கு மேல் அம்மா ஒன்றும் சொல்வதில்லை.

செயலாளர் சென்ற ஆண்டு காலமானார். அவருடைய குறிப்பேடுகளைத் தட்டச்சு செய்து கழக வரலாறாக ஒழுங்குபடுத்தித் தருமாறு என்னிடம் கேட்டார்கள். எனக்கு முடியாது என்று சொல்லத் தெரியாது. பிள்ளை பாடசாலைக்குப் போன நேரங்களில் தட்டச்சு செய்தேன். ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: 'நிர்வாகசபைத் தீர்மானத்தின்படி கழகத்தின் நிறம் இன்றிலிருந்து இளஞ்சிவப்பு.' அம்மாவின் மானத்தைக் காப்பாற்ற எழுதிய பொய் என்றுதான் முதலில் நினைத்தேன். பொய்யை வரலாற்றில் விடலாமா, எடுத்தால் அம்மாவைக் காட்டிக்கொடுத்ததாகாதா என்று குழம்பினேன். பக்கத்தைத் திருப்பியபோது, மடித்து ஒட்டிய ஒரு தாள் இருந்தது. ஆட்டம் தொடங்கக் கால்மணி முன்பு உடைமாற்றும் அறையில் கூடிய நிர்வாகசபையின் அறிக்கை. ஐந்து கையொப்பங்கள். ஆதரவு நான்கு, எதிர்ப்பு ஒன்று. எதிர்த்தவர் என் அப்பா.

அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். தாளில் இருந்ததைச் சொன்னேன்.

"உந்த மனிசன் அதையும் எழுதி வைச்சவரோ?"

"ஓம் அப்பா. ஏன் எதிர்த்தனீங்கள்?"

"எனக்கு வெக்கமாக் கிடந்தது, பிள்ளை. என்ர வீட்டுப் பிழைக்கு அவையின்ர கொடி நிறத்தை மாத்திறதோ? அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை."

மூன்று நாள் யோசித்தேன். சொன்னால் வீட்டில் சண்டை வரலாம். வாக்குகளை விட்டுவிட்டுத் தீர்மானத்தை மட்டும் அச்சிடலாம். ஆனால் அம்மா தேநீர் வைக்க எழுந்து போகும் காட்சிதான் திரும்பத் திரும்ப வந்தது. அது இன்னும் தன் பிழை என்றே நினைத்துக்கொண்டு அவர் இருக்க, என் கையில் அந்தத் தாள் இருந்தது. நான்காம் நாள் அம்மாவிடம் போனேன்.

அம்மா லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தார். தாளைத் தமிழில் வாசித்துச் சொன்னேன். திரும்பவும், மெதுவாக, டொச்சிலேயே, அது எழுதியிருந்த ஜெர்மன் மொழியிலேயே, வாசிக்கச் சொன்னார்.

"அந்த ஒண்டு ஆர்?"

சொன்னேன். கத்தி நிற்கவில்லை. முழுவதையும் அரிந்து முடித்து, பலகையை வழித்துவிட்டுக் கேட்டார்.

"சனிக்கிழமை பிள்ளைக்கு எத்தினை மணிக்கு மட்ச்?"

சனிக்கிழமை அம்மா நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். மைதானத்தோர மரவாங்கின் ஒரு நுனியில் அப்பா, மறுநுனியில் அம்மா, நடுவில் நான். இன்னொரு பிள்ளையின் தாய், சுவிஸ் பெண், ஹங்கேரிக் கழகத்துக்கு ஏன் இந்த நிறம் என்று பொதுவாகக் கேட்டார். அப்பா கதையைத் தொடங்க வாயெடுத்தார். அம்மா முந்திக்கொண்டார். முப்பது ஆண்டு சலவை வேலையில் பழகிய டொச்சில், நிதானமாகச் சொன்னார்: "நிர்வாகசபை முடிவு. நாலு பேர் ஆதரவு. ஒராள் எதிர்ப்பு." சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா சப்பாத்து நாடாவைக் குனிந்து கட்டினார். அது அவிழ்ந்திருக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் பயிற்றுநர் பையை என்னிடம் தந்தார். இந்த வாரம் எங்கள் முறை. அதே நீலப் பை அல்ல, ஆனால் இதன் சிப்பும் பிய்ந்துதான் இருக்கிறது. அப்பா தூக்க வந்தார். அம்மா விடவில்லை, தானே தோளில் போட்டுக்கொண்டு பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தார். முப்பது பாகைக்கு மேல் வைக்கவேண்டாம் என்று சொல்லப் பின்னால் ஓடினேன். பக்கத்தில் போனதும், பை பாரமா என்று மட்டும் கேட்டேன்.